லாங்டாங்குக்குக் குரங்கணி வழியாக

லாங்டாங் என்ற பெயரை எனக்கு அறிமுகப்படுத்தியது பெட்டிமுடி.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே, ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்தது. தூங்கிக்கொண்டிருந்த தேயிலைத் தொழிலாளர்களின் லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தமிழர்கள், அவர்களில் பலர் கயத்தாறுப் பக்கத்து வேர் உள்ள குடும்பத்தினர். போடியில் இருக்கும் எங்களுக்கு மூணாறு பக்கத்து வீடு மாதிரி. தெருவுக்கு நாலு குடும்பத்துக்காவது மலையில் சொந்தம் இருக்கும். அந்த வாரம் முழுக்க ஊரில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

மலைக்குக் கீழே மனிதர் எப்படி வாழ்கிறார்கள், மலை விழுந்த பிறகு அங்கேயே திரும்பிப் போகிறார்களா என்று அதன் பிறகு தேடித் தேடிப் படித்தேன். அப்படிப் படித்தபோது வந்த ஊர்தான் லாங்டாங். காத்மாண்டுக்கு வடக்கே, திபெத் எல்லையை ஒட்டிய பள்ளத்தாக்கு. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில், 7,227 மீட்டர் உயரமுள்ள லாங்டாங் லிருங் மலையின் பக்கத்திலிருந்து பனியும் பாறையும் சேர்ந்து இறங்கி அந்தக் கிராமத்தையே மூடிவிட்டன. பாறைச் சுவரின் அணைப்பில் இருந்த ஒரே ஒரு வீடு மட்டும் நின்றது. பிழைத்தவர்கள் திரும்பி வந்தார்கள். பழைய ஊருக்குச் சற்றுத் தள்ளி வீடு கட்டினார்கள், விடுதி கட்டினார்கள், மறுபடியும் அடுப்பு மூட்டினார்கள். அந்த அடுப்புப் பக்கத்தில் ஒரு இரவு உட்கார வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நாற்பத்தேழு வயதில், கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் மீட்டரைத் தொடும் ஒரு நடைக்கு நான் தயாராகத் தொடங்கிய கதை இது. இந்த அக்டோபர் கடைசியில் கிளம்புகிறோம்.

'கிளம்புகிறோம்' என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம், கல்லூரித் தோழி ஒருத்தி. அவள் கொல்லங்கோட்டில் இருக்கிறாள். பாலக்காடு மாவட்டம், நெல்லியாம்பதி மலையின் அடிவாரம். நான் இடுக்கி மலையின் கிழக்கு அடிவாரம். எங்கள் இரண்டு ஊருக்கும் நடுவே ஆனைமலை முழுவதும் படுத்துக் கிடக்கிறது. பத்து மாதமாக அவள் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் ஏறி இறங்கி, மாதம் ஒருமுறை எங்காவது ஓர் எல்லையில் சந்தித்துக்கொள்கிறோம்.

பயண நிறுவனத்தின் தொகுப்புப் பயணத்தில் சேரலாமே என்று எல்லோரும் கேட்டார்கள். பணத்தைக் கட்டினால் விமானம் இறங்கியதிலிருந்து விமானம் ஏறுவது வரை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் அவர்களுடைய நாள்கணக்கைப் பார்த்தபோது எனக்கு ஒப்பவில்லை. நான் பார்த்த அட்டவணைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருந்தன. சியாப்ருபேசி ஏறக்குறைய 1,500 மீட்டர். மறுநாள் லாமா ஹோட்டல் என்ற இடம், 2,400க்கு மேல். அதற்கு மறுநாள் நேரே லாங்டாங், 3,430. ஒரே பகலில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் மேலே போய் அங்கேயே படுப்பது. மூவாயிரத்தைத் தாண்டிய பிறகு, இரவு படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வெடுங்கள் என்பதுதான் மலை மருத்துவர்கள் சொல்லும் வரம்பு. ஏழு நாள் விடுமுறைக்குள் அடக்க வேண்டிய அவசரம் அட்டவணை போடுகிறவருக்கு இருக்கலாம். என் ரத்தத்துக்கு அந்த அவசரம் இல்லை. நாங்கள் நடுவில் மூவாயிரம் மீட்டர் அளவில் இருக்கும் கோடாதபேலாவில் ஓர் இரவு தங்குகிறோம். பிறகு லாங்டாங், பிறகு 3,870இல் கியாஞ்சின் கோம்பா, அங்கே ஒரு முழு நாள் ஓய்வு. உடம்பு ஒத்துக்கொண்டால் மட்டும் 4,984 மீட்டர் செர்கோ ரி.

இதைத்தான் நான் தனிப்பயணம் என்கிறேன். யாருமே துணைக்கு இல்லாமல் போவது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டு மலையேறிகள் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும் என்று நேபாளச் சுற்றுலா வாரியம் அறிவித்துவிட்டது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. காணாமல் போன தனி நடையர்களைத் தேடித் தேடி அலுத்த நாடு அது. வழிகாட்டியை அங்கேயே அமர்த்திக்கொள்கிறோம், எங்கள் நாள்கணக்கை முன்கூட்டியே எழுதி அனுப்பிவிட்டோம். எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்ற முடிவும் அதன் பாரமும் எங்களுடையது. அந்தப் பாரத்தைச் சுமக்கத்தான் பத்து மாதப் பழக்கம்.

முதல் பாடம் குரங்கணியில், ஜனவரியில்.

போடியிலிருந்து குரங்கணிக்குப் போகும் சாலையில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. உலகத்தோடு எங்கள் ஊரைக் கோத்த வழி அது. மூணாற்றுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வரும். அங்கிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு மாட்டு வண்டியில் போடி. கடைசியில் கப்பல் ஏறி இங்கிலாந்து வரை போனது. 1924 வெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. மலையாளத்தில் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்பார்கள், கொல்லம் ஆண்டு 1099. ரயிலும் போய், ரோப்வேயும் போய்விட்டது. டாப் ஸ்டேஷன், நடுவில் சென்ட்ரல் என்று பெயர்கள் மட்டும் மலையில் மிச்சம். சென்ட்ரல்காரர்களும் முதுவாக்குடிக்காரர்களும் இன்றைக்கும் அரிசியைத் தலையில் வைத்து ஏறுகிறார்கள்.

அதே மலையில்தான் 2018 மார்ச் 11இல் காட்டுத்தீ. சென்னை, ஈரோடு பக்கங்களிலிருந்து மலையேற்றத்துக்கு வந்திருந்த குழுக்கள் இறங்கும் வழியில் காய்ந்த புல்லுக்கு நடுவே மாட்டிக்கொண்டன. 23 பேர் இறந்தார்கள், அவர்களில் பெண்கள் பலர். அன்று இரவு போடி அரசு மருத்துவமனை வாசலில் நின்ற கூட்டத்தில் நானும் இருந்தேன். அதற்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை அனுமதியோடும் வழிகாட்டியோடும் திறந்தது. குரங்கணி–சாம்பலாறு அதில் ஒன்று. தீக்காலத்தில், பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரை, பாதைகள் மூடிக்கிடக்கும். அனுமதிச் சீட்டை வெறும் காகிதத் தொல்லை என்று எவராவது சொன்னால் எனக்கு அந்த மருத்துவமனை வாசல்தான் ஞாபகம் வரும். நீங்கள் மலைக்குள் இருக்கிறீர்கள் என்று கீழே ஒருவருக்குத் தெரிந்திருப்பதற்கான சாட்சி அது.

அன்று எங்களோடு வந்த வழிகாட்டி முதுவான் இளைஞர், நான் கடைசியாகப் பாடம் நடத்தி அனுப்பிய மாணவர்களின் வயது. ஏறும்போது அவர் எதுவும் சொல்லவில்லை. இறங்கத் தொடங்கியதும் என் பின்னால் வந்து நின்றார்.

"டீச்சர், ஏறும்போது யாரும் விழ மாட்டாங்க. எறங்கும்போதுதான் விழுவாங்க. முட்டிய மடக்கி வைங்க. குதிகால முதல்ல குத்தாதீங்க."

நான் ஏற்றத்துக்காக மூன்று மாதம் பழகியிருந்தேன். மொட்டை மாடிப் படியில் எட்டுக் கிலோ அரிசிப் பையை முதுகில் போட்டு நாற்பது முறை. மூச்சு தாங்கியது. ஆனால் இறக்கத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் தொடை நடுங்க ஆரம்பித்தது. மறுநாள் வகுப்பறையில் நாற்காலியிலிருந்து எழ மேசையைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே நம் எடையைத் தாங்கி நிறுத்துகிறது. இந்த இரண்டாவது வேலைக்குப் பழகாத தசைதான் மறுநாள் வலிக்கிறது. மருந்து என்று ஒன்றும் கிடையாது, இறங்கி இறங்கித்தான் பழக வேண்டும். அன்றிலிருந்து படியில் ஏறுவதைவிட இறங்குவதை எண்ணுகிறேன், மெதுவாக, ஒவ்வொரு படிக்கும் மூன்று எண்ணி. இரண்டு ஊன்றுகோல்களும் வாங்கினேன். இதுவரை செய்த செலவிலேயே நல்ல செலவு அதுதான்.

மார்ச்சில், தமிழ்நாட்டுப் பாதைகள் மூடிக்கிடந்தபோது, நான் தோழியிடம் போனேன்.

பாலக்காட்டில் மார்ச் மாதத்து வெயில் தனி. மேற்குத் தொடர்ச்சி மலையில் விழுந்த பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். தை, மாசியில் தமிழ்நாட்டிலிருந்து அடிக்கும் வறண்ட காற்று அதன் வழியாகத்தான் கேரளத்துக்குள் நுழைகிறது. மாசி முடிந்தால் காற்று நின்று வெயில் மட்டும் மிஞ்சும். நாற்பது டிகிரி சாதாரணம். பனிமலைக்குப் போகிறவர்கள் எதற்கு வெயிலில் பழக வேண்டும் என்று கேட்கலாம். உயரத்தில் காற்று வறண்டது, வேகமாக மூச்சு விடுகிறோம், தாகமோ தெரிவதில்லை. தாகம் வருமுன் குடிக்கும் பழக்கத்தை வெயில்தான் சொல்லிக்கொடுக்கும். கொல்லங்கோட்டு வரப்புகளில் காலை ஏழிலிருந்து பதினொன்று வரை பையோடு நடந்தோம். கால் மணிக்கு ஒருமுறை இரண்டு வாய். மணி அடித்த மாதிரி அவள் சொல்வாள், "குடிடீ."

அங்கிருந்து மலம்புழை அதிக தூரமில்லை. செறாடு குறும்பாச்சி மலையைக் கீழே நின்று பார்த்தோம். 2022 பிப்ரவரியில் இருபத்துமூன்று வயது இளைஞர் ஒருவர் அந்தப் பாறைச் சரிவில் வழுக்கி, நடுச் செங்குத்தில் ஒரு பொந்து போன்ற இடத்தில் மாட்டிக்கொண்டார். உடன் வந்த நண்பர்கள் பாதியிலேயே களைத்து நின்றுவிட்டார்கள். 40 மணி நேரத்துக்கும் மேல் தண்ணீர் இல்லை, சாப்பாடு இல்லை. ஹெலிகாப்டர் வந்து பார்த்தும் நெருங்க முடியவில்லை. கடைசியில் ராணுவ வீரர்கள் மேலிருந்து கயிற்றில் இறங்கி அவரைக் கட்டித் தூக்கினார்கள். கேரளமே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த இரண்டு நாள் அது. அவர் பிழைத்ததில் எனக்கு அன்று வந்த கண்ணீர் உண்மை. அந்தப் பாறையின் கீழே உட்கார்ந்து நாங்கள் இரண்டு ஒப்பந்தம் எழுதினோம். ஒருத்தி நின்றால் இரண்டு பேரும் நிற்பது. மதியம் ஒரு மணிக்கு எங்கே இருக்கிறோமோ, உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும், அங்கிருந்து திரும்புவது. அந்தக் காகிதத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

பரம்பிக்குளத்தை ஒரு வரியில் விட்டுவிட மனமில்லை. பாலக்காடு மாவட்டத்துக் காடு அது. ஆனால் வண்டியில் போக வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் வந்து, பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் போக முடியும். இரண்டு மாநிலச் சோதனைச் சாவடி, இரண்டு இடத்திலும் அடையாள அட்டை, இரண்டு இடத்திலும் பையைத் திறந்து காட்டுதல். அசல், நகல், போன் நம்பர், நுழைந்த நேரம் எல்லாவற்றையும் ஒரு உறையில் வரிசையாக வைக்கும் பழக்கம் அங்கே வந்தது. நேபாளத்துக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும். ஆதார் போதும் என்று நம்பி விமான நிலையம் வரை போய்த் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வயதுக்காரர்களுக்கு அது செல்லாது. லாங்டாங் தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணத்தில் சார்க் நாட்டவருக்குச் சலுகை உண்டு, அதற்கும் அடையாளம் காட்ட வேண்டும். காப்பீடுதான் அதிக நாள் எடுத்தது. பல பாலிசிகளில் மலையேற்றம் சேராது, சேர்ந்தாலும் இத்தனை மீட்டர் வரைதான் என்று சின்ன எழுத்தில் இருக்கும். ஐயாயிரம் மீட்டர் வரை, ஹெலிகாப்டர் மீட்புச் செலவோடு சேர்த்து, எழுத்தில் உறுதி வாங்கிய பிறகுதான் பணம் கட்டினேன்.

மே மாதம் மீசப்புலிமலை.

மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி தாண்டி, சைலன்ட் வேலி எஸ்டேட் வழியாக ஜீப்பில் போக வேண்டும். பாலக்காட்டில் இருக்கும் சைலன்ட் வேலி தேசியப் பூங்கா வேறு, இடுக்கியில் இருக்கும் இந்த எஸ்டேட் வேறு. தோழி வீட்டில் சொல்லிவிட்டு வந்தபோது, "இங்கேயே இருக்கே, எதுக்கு மூணாறு போறே?" என்று கேட்டார்களாம். கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் முகாமில் இரவு தங்கி, விடிகாலையில் வழிகாட்டியோடு ஏற்றம். 2,640 மீட்டர். ஆனைமுடி 2,695 மீட்டர், தென்னிந்தியாவிலேயே உயரம், ஆனால் அங்கே ஏற அனுமதி இல்லை. ஆக எங்களுக்குக் கிடைக்கும் உச்சம் இதுதான்.

இந்த உச்சத்தில் நான் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொண்டேன். கால்களை நம் மலையில் தயார் செய்யலாம், தோளைத் தயார் செய்யலாம், மனதைக்கூட. உயரத்துக்கு மட்டும் இங்கே தயாராக முடியாது. உயரநோய் பொதுவாகத் தொடங்குவதே 2,500 மீட்டரில். நம் மலை முடிகிற இடத்தில் அந்தக் கணக்கு ஆரம்பிக்கிறது. ஐயாயிரம் மீட்டரில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடற்கரையில் கிடைப்பதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். உடம்பு பலம் இதில் உதவாது. நன்றாக ஓடுகிற இளைஞர்கள் வேகமாக ஏறிவிடுவதால் முதலில் விழுவதும் உண்டு. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அதே இடத்தில் நிற்க வேண்டும். குறையாவிட்டால் இறங்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் வந்தால், நடை தள்ளாடினால், நள்ளிரவானாலும் இறங்க வேண்டும். சந்தேகம் வந்தால் குதிகாலோடு விரலை ஒட்டி நேர்க்கோட்டில் நடந்து பார்க்கச் சொல்வது எளிய சோதனை. அசெட்டசோலமைடு மாத்திரை உடம்பு பழகுவதற்குத் துணை செய்யும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தோழிக்கு அது உண்டு, அவளுக்கு மாத்திரை இல்லை. எங்கள் நாள்கணக்கு மெதுவாக இருப்பதற்கு அவளும் ஒரு காரணம்.

உச்சிக்குச் சற்றுக் கீழே, புல்வெளி ஓரத்தில், கணுக்கணுவாக முறுக்கிய ஒரு மரத்தின் அருகே வழிகாட்டி நின்றார். மூணாற்றில் காட்டுப்பூவரசு என்பார்கள். ரோடோடென்ட்ரான். அதன் பூக்காலம் முடிந்து ஒன்றிரண்டு சிவப்புப் பூ மட்டும் மிச்சம். அதே இனத்து மரத்தின் பூதான் நேபாளத்தின் தேசிய மலர், லாலிகுராஸ். இமயத்துக்கும் இந்த மலைக்கும் நடுவே எத்தனை சமவெளி, எத்தனை ஆறு. குளிர்ந்த காலம் ஒன்றில் தெற்கு வரை பரவி, வெப்பம் திரும்பியபோது மலையுச்சிகளில் மட்டும் ஒதுங்கிவிட்ட மரங்களாக இருக்கலாம் என்று தாவர அறிஞர்கள் கருதுகிறார்கள். அந்த முரட்டுப் பட்டையில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். எதிர்ச்சரிவில் வரையாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. லாங்டாங்கில் அதற்கு ஓர் உறவு உண்டு, இமயத்துத் தார் ஆடு. வெகுகாலம் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005இல் மரபணு ஆய்வுக்குப் பிறகு நம் வரையாட்டைத் தனியாகப் பிரித்தார்கள், செம்மறிக்கே அது நெருக்கமாம்.

பையைக் கட்டும் வேலை இப்போது நடக்கிறது. சமையலறைத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்தி நோட்டில் எழுதுகிறேன். உறக்கப்பை, இறகு ஜாக்கெட், மழைச்சட்டை, இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை, தலைவிளக்கு, தண்ணீர் சுத்திகரிக்கும் மாத்திரை, முதலுதவி. புது ஷூ கிடையாது, குரங்கணியிலும் மீசப்புலிமலையிலும் கால் பழகிய அதே ஷூ. சாப்பாட்டைச் சுமக்கவில்லை. வழியெங்கும் விடுதிகளில் தால்பாத் கிடைக்கும், சோறும் பருப்பும் நம் வயிற்றுக்குச் சொந்தம். எட்டுக் கிலோவைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. சுமை தூக்க ஆள் வைக்கலாம்தான். நெற்றிப் பட்டையில் தங்கள் எடையளவு சுமை ஏற்றிக்கொண்டு போகும் நேபாளத் தொழிலாளர்களின் படத்தைப் பார்த்ததிலிருந்து, என் துணிமணியை நானே சுமப்பது என்று முடிவு.

தங்கை வீட்டுச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். எந்தத் தேதி இரவு எந்த ஊர், எத்தனை மீட்டர், வழிகாட்டியின் எண், காப்பீட்டு எண், தூதரக எண். எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். அம்மா அதன் முன் நின்று தினமும் ஊர்ப் பெயர்களை வாய்விட்டுப் படிக்கிறார். கோடாதபேலாவை இப்போது பிசகில்லாமல் சொல்கிறார்.

எங்கள் தெருவிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கு ஏலத்தோட்ட ஜீப் கிளம்பும். போடிமெட்டு ஏறி இடுக்கிக்கு வேலைக்குப் போகும் பெண்கள். நான் பையோடு நடைப்பழக்கத்துக்கு இறங்கும் நேரமும் அதுதான். அவர்களில் ஓர் அக்கா பத்து மாதமாக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முப்பது வருடமாக மலைச்சரிவில் நின்று காய் எடுக்கிறவர். போன வாரம் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார்.

"எத்தன நாளு டீச்சர்?"

"நடை மட்டும் ஒன்பது நாள் அக்கா."

"கால் ஈரமா இருந்தா மட்டும் நடக்காதீங்க. நின்னு காலத் தொடச்சிட்டு அப்புறமா நடங்க. ஈரக் கால்ல நடந்தா புண்ணாகிப் போகும், அப்புறம் வேலைக்கு ஆகாது." பிறகு மடியிலிருந்து ஒரு சின்னத் துணிமுடிச்சை எடுத்து என் கையில் வைத்தார். உப்பும் புகையிலைத் தூளும். "அட்ட கடிச்சா இத வைங்க."

அக்டோபர் கடைசியில் லாங்டாங்கில் அட்டைக்கு வேலை இருக்காது. முடிச்சைத் தராசில் வைத்தேன், நாற்பது கிராம். நோட்டில் எழுதி, பையின் பக்கவாட்டுப் பையில் தண்ணீர்ப் புட்டிக்கு அருகே வைத்தேன்.